பாட்டு, போட்டோ, வீடியோ, புத்தகம்: மொத்தச் சேகரிப்பையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: பழையதில் இருக்கும் பாட்டு ஃபோல்டரையும் போட்டோ ஃபோல்டரையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இழுத்துப் போட்டு, அதைப் புதியதில் செருகி, மறுபடியும் இழுத்துப் போடுவது. ஃபைல்கள் அத்தனையும் பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். அப்புறம் பாட்டு ஆப்பைத் திறந்தால் அது காலியாக இருக்கும், அல்லது ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் ஒரு ஆச்சரியக்குறி நிற்கும்.

எனக்கு இது நடந்தது. பதினோரு வருடமாகச் சேர்த்த பாட்டுகள், கேட்கக் கேட்க ஒவ்வொன்றுக்கும் போட்ட நட்சத்திரங்கள், அம்மாவுக்குப் பிடித்தவை, நீண்ட பயணத்துக்கானவை, தூக்கம் வராத ராத்திரிக்கானவை என்று பிரித்துப் பெயர் வைத்த பிளேலிஸ்ட்டுகள். ஒரு பாட்டுகூடத் தொலையவில்லை. நட்சத்திரமும் பிளேலிஸ்ட்டும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய டிஸ்க்கை அன்றைக்கே ஃபார்மட் செய்திருந்ததால் திரும்பிப் போகவும் வழியில்லாமல் போயிற்று. பாட்டை மறுபடி எங்கிருந்தாவது வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பதினோரு வருடத்து உழைப்பை எங்கே போய் வாங்குவது?

அதனால் இந்த வழிகாட்டியில் ஃபைல்களை நகலெடுப்பதற்குக் கொடுக்கும் இடத்தைவிட, அந்த ஃபைல்களைப் பற்றி நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் தகவல்களைக் காப்பாற்றுவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஒரு வார இறுதியை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் செய்யும் வேலை இல்லை இது.

1. உங்கள் உழைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எந்த மீடியா ஆப்பாக இருந்தாலும் உங்கள் தகவல் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, ஃபைலுக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும்: எம்பி3யில் ஐடி3 டேக், ஃப்ளாக் என்ற பாட்டு வடிவத்தில் வோர்பிஸ் காமென்ட், போட்டோவில் எக்ஸிஃப். இது ஃபைலோடு தானாக வந்துவிடும், கவலையில்லை. இரண்டாவது, ஆப் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். இது வேறு எங்கோ, பெரும்பாலும் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் கிடக்கும், மீடியா ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் வரவே வராது.

பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், அட்டைப்படம் எல்லாம் பொதுவாக ஃபைலுக்குள் இருக்கும். எத்தனை தடவை கேட்டீர்கள், எந்தத் தேதியில் சேர்த்தீர்கள், பிளேலிஸ்ட் எது, நட்சத்திரம் எத்தனை என்பதெல்லாம் பெரும்பாலும் டேட்டாபேஸில். நட்சத்திரத்தை மட்டும் சில ஆப்கள் ஃபைலுக்குள்ளும் எழுதும், சில எழுதாது. ஐட்யூன்ஸ் எழுதாது. வேவ் ஃபைல்களாகச் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த வடிவத்தில் டேக் எழுதுவதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை இல்லாததால், ஒரு ஆப்பில் தெரிந்த பெயர் இன்னொன்றில் தெரியாமல் போகும். மாற்றுவதற்கு முன்பே அவற்றை ஃப்ளாக்காக மாற்றிவிடுவது நல்லது, தரம் துளியும் குறையாது.

போட்டோவில் எடுத்த தேதியும் கேமரா விவரமும் எக்ஸிஃபில் இருக்கும். ஆனால் முகங்களுக்கு வைத்த பெயர், ஆல்பம், வெளிச்சம் நிறம் திருத்தியது எல்லாம் டேட்டாபேஸில். லைட்ரூம் கிளாசிக் பயன்படுத்துகிறவர்களுக்கு இது எல்ஆர்கேட் என்று முடியும் ஒரு கேட்டலாக் ஃபைல், புதிய பதிப்புகளில் பக்கத்திலேயே எல்ஆர்கேட்-டேட்டா என்று ஒன்றும் இருக்கும், இரண்டையும் சேர்த்தே எடுங்கள். பல வருடத்துத் திருத்தங்கள் அத்தனையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. டிஜிகேம் ஆப்பிலும் டேட்டாபேஸ்தான், ஆனால் டேக்குகளையும் முகப் பெயர்களையும் போட்டோவுக்குள்ளேயே எழுதச் சொல்லும் அமைப்பு அதில் இருக்கிறது. பழைய பிகாசா ஆட்கள் இன்னும் இருப்பீர்கள். 2016ல் அது நிறுத்தப்பட்டுவிட்டாலும், ஒவ்வொரு போட்டோ ஃபோல்டரிலும் பிகாசா.ஐஎன்ஐ என்று ஒரு மறைந்த ஃபைல் இருக்கும், நீங்கள் செய்த திருத்தங்களும் குறித்த முகங்களும் அதில் இருக்கின்றன. மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டுக் காப்பி செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு, துணை ஃபைல்கள். போட்டோவுக்குப் பக்கத்தில் அதே பெயரில் திருத்தங்களை வைத்திருக்கும் எக்ஸ்எம்பி, ஐபோன் போட்டோ என்றால் ஏஏஇ, வீடியோவுக்குப் பக்கத்தில் சப்டைட்டிலான எஸ்ஆர்டி. ஐபோனின் லைவ் போட்டோ ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு ஹெச்இஐசி அல்லது ஜேபிஜி படமும் ஒரு எம்ஓவி வீடியோவும் சேர்ந்த ஜோடி. "இது என்ன குப்பை" என்று இவற்றை நீக்கிவிட்டோ பெயரை மாற்றிவிட்டோ பிறகு வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

ஒரு தாளை எடுத்து, பயன்படுத்தும் ஒவ்வொரு ஆப்பின் பெயரையும் எழுதி, எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: மீடியா எங்கே, டேட்டாபேஸ் எங்கே, எது தொலைந்தால் உங்களுக்கு வலிக்கும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். எத்தனை தடவை கேட்டோம் என்ற எண் ஒருவருக்குப் பொருட்டே இல்லை, இன்னொருவருக்கு அதுதான் நாட்குறிப்பு.

2. உண்மையிலேயே உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கிறதா?

பார்க்கும்போது ஃபைல் மாதிரி தெரியும், ஆனால் டிஸ்க்கில் இருக்காது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகக் குறியோடு தெரிபவை வெறும் பெயர்ப்பலகைகள்தான், அசல் இணையத்தில் இருக்கிறது. மேக்கில் ஐகிளவுட் போட்டோவில் 'இடத்தை மிச்சப்படுத்து' என்ற அமைப்பு போட்டிருந்தால், கம்ப்யூட்டரில் இருப்பது பல படங்களின் சின்ன நகல் மட்டுமே. காப்பி செய்வதற்கு முன் ஒன்டிரைவில் 'இந்தக் கருவியில் எப்போதும் வைத்திரு' என்பதையும், போட்டோஸ் ஆப்பில் 'அசல்களை இந்த மேக்கில் இறக்கு' என்பதையும் கொடுத்து, எல்லாம் இறங்கும்வரை காத்திருங்கள். ஒரு இரவு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

கூகுள் போட்டோஸில் மட்டும் இருப்பவற்றை டேக்அவுட் வழியாக எடுத்தால், படங்களோடு ஜேசன் ஃபைல்களும் வரும். நீங்கள் எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் அவற்றில்தான் இருக்கும், தூக்கி எறிய வேண்டாம்.

அடுத்து, சிதறிக் கிடப்பவை. டெஸ்க்டாப்பில் நான்கு பாட்டு, டவுன்லோட் ஃபோல்டரில் நாற்பது, எப்போதோ செருகிய பென்டிரைவிலிருந்து சேர்த்த ஒரு ஆல்பம். ஐட்யூன்ஸிலும் மேக்கின் மியூசிக் ஆப்பிலும் ஃபைல் மெனுவில் லைப்ரரி, அதற்குள் 'ஆர்கனைஸ் லைப்ரரி' என்று போய் 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' என்பதைக் கொடுத்தால், எங்கெங்கோ இருக்கும் பாட்டுகளை எல்லாம் மீடியா ஃபோல்டருக்குள் நகலெடுத்துக்கொள்ளும். ஆப் உங்களுக்காக இதைச் செய்வதுதான் பாதுகாப்பு. நீங்களே கையால் நகர்த்தினால் டேட்டாபேஸுக்கு அது தெரியாது, ஆச்சரியக்குறிதான் மிஞ்சும்.

3. டேட்டாபேஸில் இருப்பதை ஃபைலுக்குள்ளும் எழுதி வையுங்கள்

இது கட்டாயம் இல்லை, ஆனால் நான் இப்போதெல்லாம் இதைத் தவறவிடுவதில்லை. லைட்ரூமில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து 'சேவ் மெட்டாடேட்டா டு ஃபைல்' கொடுத்தால், திருத்தங்களும் குறிச்சொற்களும் நட்சத்திரங்களும் எக்ஸ்எம்பியாகவோ படத்துக்குள்ளேயோ எழுதப்படும். கேட்டலாக் கெட்டுப்போனாலும் பாதி உயிர் பிழைக்கும். முழுசும் பிழைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கலெக்‌ஷன், விர்ச்சுவல் காப்பி இரண்டும் எக்ஸ்எம்பியில் போகாது.

பாட்டு ஆப்பில் பிளேலிஸ்ட்டுகளை எம்3யு என்ற பட்டியல் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். தமிழில் பாட்டுப் பெயர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் எம்3யு8 என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த 8, யுடிஎஃப்-8 எழுத்துமுறையைக் குறிக்கிறது. சாதாரண எம்3யுவில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறிப்போகும் ஆபத்து உண்டு. எக்ஸ்போர்ட் செய்ததை நோட்பேடில் திறந்து தமிழ் தெரிகிறதா என்று ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

4. தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களுக்கு ஒரு தனிச் சோதனை

இந்தப் பகுதியை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் நமக்கு இது நிஜமான பிரச்சினை.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகப் போடலாம். 'கோ', 'கௌ' ஆகியவற்றுக்கும் இப்படித்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். பழைய மேக்குகளில் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் முறை எல்லாப் பெயர்களையும் பிரித்து எழுதும் பழக்கம் கொண்டது. 2017ல் மேக்குகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது. விண்டோஸும் லினக்ஸும் பொதுவாகச் சேர்த்து எழுதிய வடிவத்தையே எதிர்பார்க்கும். அதனால் பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ போகும்போது, ஃபைல் கண்முன்னே இருந்தும் "கிடைக்கவில்லை" என்று ஆப் சொல்லும், அல்லது ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நீங்கள் பைத்தியம் பிடிக்கிற மாதிரி உணர்வீர்கள். லினக்ஸில் 'கான்வ்எம்வி' என்ற சின்னக் கருவி எல்லாப் பெயர்களையும் சேர்த்து எழுதிய வடிவத்துக்கு ஒரே நேரத்தில் மாற்றிவிடும். முதலில் அது என்ன செய்யப்போகிறது என்று காட்டும், நீங்கள் உறுதி சொன்ன பிறகுதான் மாற்றும்.

நீளமும் பிரச்சினைதான். விண்டோஸில் ஒரு பெயர் 255 எழுத்துக் குறியீடுகள்வரை போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் முறையிலும், நெட்வொர்க்கில் இணைக்கும் வீட்டு நாஸ் டிஸ்க் பெட்டிகள் பலவற்றிலும், வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் மெய்யின் புள்ளியும் இகரக் குறியும் சேர்த்து 5 குறியீடுகள், அதாவது 15 பைட். கணக்குப் போட்டால் 85 குறியீடுகளுக்கு மேல் ஒரு தமிழ்ப் பெயர் நீளக்கூடாது. சொற்பொழிவு, கச்சேரி, நாடகப் பதிவுகளுக்குத் தலைப்பு, பேச்சாளர், இடம், தேதி எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதி வைப்பவர்கள் இதில் எளிதாக மாட்டிக்கொள்வார்கள். முன்பே சுருக்கிவிடுங்கள்.

பழைய எம்பி3களில் தமிழ் டேக் கிறுக்கல் எழுத்தாகத் தெரிகிறதா? யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப் போன்ற குறியீட்டில் எழுதியதாக இருக்கலாம், மாற்றி மூலம் மீட்க முடியும். கேள்விக்குறிகளாக மட்டுமே தெரிந்தால் அந்தத் தகவல் எப்போதோ அழிந்துவிட்டது, புதிதாகத்தான் எழுத வேண்டும்.

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் குறி இருப்பவற்றை விண்டோஸ் ஏற்காது. லினக்ஸில் அவை எல்லாமும், மேக்கில் முக்காற்புள்ளி தவிர மற்றவையும் தாராளமாக இருந்திருக்கும். அதேபோல லினக்ஸில் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டரும் சின்ன எழுத்தில் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டரும் இருக்கலாம், விண்டோஸுக்கு வந்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

5. இடைநிலை டிஸ்க்கும் அதன் ஃபார்மட்டும்

விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மேக்கிலிருந்து மேக்குக்கு ஏபிஎஃப்எஸ். இரண்டுக்கும் நடுவில் போக வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது. ஃபேட்32 மட்டும் வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது, நல்ல தரமான சினிமாப் படங்கள் பலவும் அதைத் தாண்டும்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. பெரிய டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் ஒவ்வொரு ஃபைலும் குறைந்தது 128 கேபி இடம் பிடிக்கும், ஃபைல் 2 கேபியாக இருந்தாலும். பாட்டுக்கும் படத்துக்கும் இது பொருட்டில்லை. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற வீட்டு மீடியா சர்வர் ஆப்கள் சேர்த்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான குட்டிப் படங்களைக் காப்பி செய்யும்போதுதான் டிஸ்க் நிரம்பி வழியும், வேகமும் தரைதட்டும். அப்படிப்பட்ட ஃபோல்டரை முதலில் செவன்-ஜிப்பில் ஒரே ஃபைலாகக் கட்டி எடுத்துப் போங்கள். 7இசட் வடிவம் தமிழ்ப் பெயர்களையும் கெடுக்காது.

மேக்கின் போட்டோஸ் லைப்ரரி எக்ஸ்ஃபேட்டில் இருக்கவே கூடாது. அது பார்க்க ஒரே ஃபைல் மாதிரி இருந்தாலும் உள்ளே ஆயிரக்கணக்கான ஃபைல்கள் கொண்ட ஒரு மூட்டை, அதற்கு ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் ஓஎஸ் எக்ஸ்டென்டெட் ஃபார்மட் டிஸ்க்தான் சரி.

இந்த இடைநிலை டிஸ்க்கையே உங்கள் ஒரே பேக்கப்பாக நினைக்காதீர்கள். மாற்றும் நாட்களில்தான் டிஸ்க்குகள் அதிகம் கழற்றப்படுகின்றன, கீழே விழுகின்றன, தவறான டிரைவ் ஃபார்மட் ஆகிறது. பழைய கம்ப்யூட்டர், இடைநிலை டிஸ்க், இவை இரண்டையும் தவிர வேறொரு இடத்தில் இன்னொரு நகல் இருக்கட்டும்.

6. பழைய முகவரியையே புதியதிலும் வையுங்கள்

முன்பே தெரிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வலி மிச்சமாகியிருக்கும் என்று நான் நினைக்கும் விஷயம் இது. டேட்டாபேஸ் ஒவ்வொரு ஃபைலையும் அதன் முழு முகவரியோடு நினைவில் வைத்திருக்கிறது. பழையதில் டி டிரைவில் 'பாட்டு' என்ற ஃபோல்டரில் இருந்தது என்றால், புதியதிலும் டி டிரைவில் அதே பெயரில், அதே எழுத்துக்கூட்டலில் இருந்தால் ஆப்புக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் டிரைவ் எழுத்தை மாற்றிக்கொள்ளலாம். யூசர் ஃபோல்டருக்குள் மீடியா இருந்தது என்றால், புதுக் கம்ப்யூட்டரில் கணக்கு தொடங்கும்போதே பழைய யூசர் பெயர் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். இணையக் கணக்கோடு விண்டோஸை நிறுவினால் அது ஃபோல்டர் பெயரை மின்னஞ்சலின் முதல் சில எழுத்துகளிலிருந்து தானே வைத்துவிடும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

மேக்கிலிருந்து விண்டோஸுக்கு மாறுகிறவர்களுக்கு இது முடியாது. அவர்களுக்கு 9ம் பகுதி.

7. காப்பி

ஒரே ஒரு விதி: கட் வேண்டாம், காப்பி மட்டும். கட் செய்யும்போது நடுவில் கேபிள் அசைந்தால் எது எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லா மீடியா ஆப்களையும் முழுதாக மூடிவிட்டு ஆரம்பியுங்கள். டேட்டாபேஸ் திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதி எழுதிய நிலையில் இருக்கக்கூடும், பின்னணியில் ஓடும் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் சர்வரையும் நிறுத்துங்கள்.

சில நூறு ஜிபிக்கு மேல் என்றால் இழுத்துப் போடுவதை விட்டுவிடுங்கள், நடுவில் ஒரு பிழை வந்தால் எங்கே நின்றது என்று தெரியாது. விண்டோஸில் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை கூடவே வருகிறது, மேக்கிலும் லினக்ஸிலும் ஆர்சிங்க். இரண்டும் நின்றுபோனால் மறுபடி ஓடவிடும்போது ஏற்கெனவே வந்ததைத் தாண்டிப் போய்விடும். கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க், டெராகாப்பி இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ரோபோகாப்பியில் 'மிர்' என்ற தேர்வும், மற்றவற்றில் 'மிரர்' என்று வருவதும், மூலத்தில் இல்லாததைச் சேரும் இடத்திலிருந்து அழித்துவிடும். மூலமும் சேருமிடமும் மாறிப்போய் ஓடவிட்டால் மொத்தமும் காலி. வெறும் நகலெடுக்கும் தேர்வே போதும்.

நேரம் எவ்வளவு ஆகும்? யூஎஸ்பி 3 டிஸ்க்கும் கிகாபிட் ஈதர்நெட் கேபிளும் நொடிக்குச் சுமார் 100 எம்பி கொடுக்கும், 1 டெராபைட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடியும். யூஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டால் அதுவே எட்டு மணி நேரம். வைஃபையில் இவ்வளவையும் அனுப்ப முயலாதீர்கள், இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு ஈதர்நெட் கேபிள் போடுவது எவ்வளவோ நிம்மதி. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, தூங்கிப்போகும் அமைப்பை அணைத்துவிட்டு விடுங்கள்.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸில் காப்பி செய்தால் மாற்றிய தேதி அப்படியே வரும், உருவாக்கிய தேதி இன்றைய தேதியாகிவிடும். எக்ஸிஃப் இருக்கும் போட்டோக்களுக்குப் பாதிப்பில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எக்ஸிஃப் அகற்றப்பட்டிருக்கும் என்பதால் அவற்றின் ஒரே ஆதாரம் ஃபைல் பெயரில் இருக்கும் எட்டு இலக்கத் தேதிதான். அந்தப் பெயரை மாற்றாதீர்கள்.

8. சரிபார்ப்பு

பழையதிலும் புதியதிலும் ஃபோல்டரின் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த பைட்டையும் ஒப்பிடுங்கள். ஜிபி எண்ணை ஒப்பிட்டால் குழம்புவீர்கள், மேக் 1000ஐ வைத்துக் கணக்கிடும், விண்டோஸ் 1024ஐ வைத்து. மேக் 500 ஜிபி என்று சொல்வதை விண்டோஸ் சுமார் 465 என்று சொல்லும், ஒன்றும் தொலையவில்லை. 'டிஸ்க்கில் பிடிக்கும் இடம்' என்ற எண்ணையும் பார்க்க வேண்டாம், அது ஃபார்மட்டுக்கு ஃபார்மட் மாறும். மேக்கிலிருந்து எக்ஸ்ஃபேட்டுக்கு வந்தவற்றில் புள்ளியும் கீழ்க்கோடுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல்கள் கூடுதலாக இருக்கும், எண்ணிக்கை அதனாலும் மாறலாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே ஒரு பைட் கெட்டிருக்கலாம். குடும்பப் போட்டோ, வேறெங்கும் கிடைக்காத ஒலிப்பதிவு போன்றவற்றுக்கு உள்ளடக்கத்தையே ஒப்பிடும் சோதனையை ஓடவிடுங்கள். ஃப்ரீஃபைல்சிங்க்கில் உள்ளடக்க ஒப்பீடு, டெராகாப்பியில் வெரிஃபை, ஆர்சிங்க்கில் செக்சம் தேர்வு. ஃப்ளாக் ஃபைலுக்குள் அசல் ஒலியின் எம்டி5 கையொப்பம் ஏற்கெனவே இருப்பதால், ஃப்ளாக் கருவியின் சோதனைக் கட்டளை அதை வைத்தே ஒலி கெடவில்லை என்று சொல்லிவிடும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

9. ஆப் ஆப்பாகத் திறப்பது

அவசரமாக ஆப்பைத் திறந்து "புதிய லைப்ரரி உருவாக்கு" என்று கொடுத்துவிட்டு ஃபைல்களை இம்போர்ட் செய்வதுதான் நான் செய்த தப்பு. இம்போர்ட் என்றால் டேட்டாபேஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று அர்த்தம். ஒவ்வொரு ஆப்பிலும் பழைய டேட்டாபேஸைத் திறக்க ஒரு வழி உண்டு, அதைத்தான் தேட வேண்டும்.

ஐட்யூன்ஸில் ஐடிஎல் என்று முடியும் டேட்டாபேஸ் ஃபைலும் மீடியா ஃபோல்டரும் சேர்ந்த முழு ஐட்யூன்ஸ் ஃபோல்டரையும் கொண்டு வந்து, விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஆப்பைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். மேக்கில் மியூசிக் ஆப்புக்கும் போட்டோஸ் ஆப்புக்கும் ஆப்ஷன் விசை. 2019ல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்போடு ஐட்யூன்ஸ் மேக்கிலிருந்து விலகி மியூசிக், டிவி, பாட்காஸ்ட் என்று பிரிந்தது. பழைய மேக்கிலிருந்து வருகிறவர்கள் பழைய லைப்ரரியை மியூசிக் ஆப்பில் காட்டினால் அது தானே மாற்றிக்கொள்ளும்.

லைட்ரூமில் கேட்டலாக் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறங்கள். ஃபோல்டர்களில் கேள்விக்குறி தெரிந்தால் பதற வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து 'ஃபைன்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்துப் புது இடத்தைக் காட்டினால் கீழே உள்ளவை அத்தனையும் சேர்ந்து சரியாகும். ஒவ்வொரு படமாகத் தேடிக்கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். கேட்டலாக் உள் டிஸ்க்கிலோ நேரடியாகச் செருகிய டிஸ்க்கிலோதான் இருக்க வேண்டும், நெட்வொர்க் டிரைவில் வைத்தால் திறக்காது.

புத்தகத்துக்குக் காலிபர் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. லைப்ரரி ஃபோல்டருக்குள்ளேயே மெட்டாடேட்டா.டிபி என்ற டேட்டாபேஸும் இருக்கிறது, ஃபோல்டரை முழுசாகக் கொண்டு வந்து அதைத் திறக்கச் சொன்னால் முடிந்தது. அமைப்புகளும் பிளகின்களும் கூட வேண்டுமானால் காலிபரின் 'எக்ஸ்போர்ட்/இம்போர்ட்' வசதியே எல்லாவற்றையும் கட்டிக்கொடுக்கும். மற்ற ஆப்களும் இப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

பிளெக்ஸ்தான் கொஞ்சம் நுணுக்கம். பழைய சர்வரிலேயே முதலில் 'ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் குப்பையைக் காலி செய்' என்ற அமைப்பை அணையுங்கள். இல்லையென்றால் புதியதில் படங்கள் தெரியாத முதல் நிமிடத்திலேயே அவற்றின் பார்த்த குறிப்புகளை எல்லாம் அது அழித்துவிடும். அப்புறம் சர்வரை நிறுத்தி, டேட்டா ஃபோல்டரைக் கொண்டு போங்கள், விண்டோஸ் என்றால் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் பிளெக்ஸ் பகுதியையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். புதியதில் மீடியா வேறு இடத்தில் இருக்கிறது என்றால், லைப்ரரியில் புது ஃபோல்டரை முதலில் சேர்த்து, ஸ்கேன் முடிந்து எல்லாம் தெரிந்த பிறகுதான் பழைய ஃபோல்டரை நீக்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள். கோடி என்ற மீடியா ஆப்பில் யூசர்டேட்டா ஃபோல்டரைக் கொண்டு வந்து மீடியாவை அதே முகவரியில் வைத்தால் பார்த்தது பார்க்காதது எல்லாம் அப்படியே இருக்கும். ஜெல்லிஃபினும் முழு முகவரியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது, 6ம் பகுதியில் சொன்ன வழியே அதற்கும் சுலபம்.

எம்3யு8 பிளேலிஸ்ட்டில் முகவரி மாறியிருந்தால் நோட்பேடில் 'ஃபைன்ட் அண்ட் ரீப்ளேஸ்' போதும், பழைய டிரைவும் ஃபோல்டரும் இருக்கும் பகுதியைப் புதியதால் மாற்றுங்கள். மேக்கிலிருந்தோ லினக்ஸிலிருந்தோ விண்டோஸுக்கு என்றால் சாய்கோட்டின் திசையும் மாற வேண்டும்.

10. வராதவை

ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஆஃப்லைனுக்காக இறக்கி வைத்தவை பூட்டு போட்டவை, காப்பி செய்தும் பயனில்லை, புதியதில் மறுபடி இறக்க வேண்டியதுதான். ஐட்யூன்ஸ் கடையில் விற்ற பாட்டுகளில் 2009ல் பூட்டு நீக்கப்பட்டது, அதற்கு முன் வாங்கியவையும் சினிமாப் படங்களும் பூட்டோடு இருக்கலாம். அவற்றைத் திறக்கும் அனுமதி 5 கம்ப்யூட்டர்களுக்குத்தான், அதனால் பழையதை அழிப்பதற்கு முன் அதில் 'டீஆத்தரைஸ்' கொடுத்துவிடுங்கள். பணம் கட்டி வாங்கிய ஆப்களின் லைசன்ஸையும் இதேபோல பழையதில் விடுவிக்க வேண்டியிருக்கும்.

11. பழைய கம்ப்யூட்டர்

குறைந்தது ஒரு மாதம் தொடாதீர்கள், முடிந்தால் இரண்டு. அதில் புதிதாக எதையும் சேர்க்கவும் வேண்டாம். இந்த ஒரு மாதமும் புதியதை வழக்கம்போலப் பயன்படுத்துங்கள்: பழைய பிளேலிஸ்ட்டைக் கேளுங்கள், ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு பிறந்தநாள் போட்டோவைத் தேடுங்கள், சப்டைட்டிலோடு ஒரு படம் பாருங்கள், ஒருவர் முகத்தின் பெயரைத் தட்டித் தேடுங்கள். விடுபட்டது எதுவோ அது இப்படித்தான் தெரியவரும், எந்தச் சரிபார்ப்புக் கருவியும் அதைக் காட்டாது.

அதற்குள் புதியதில் பேக்கப் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும், மீடியாவை மட்டும் எடுக்காமல் டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும் சேர்த்து. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே ஃபோல்டரை சிங்க் செய்வதை பேக்கப் என்று நம்ப வேண்டாம், ஒரு பக்கம் தவறுதலாக நீக்கியது மறுபக்கமும் நீங்கிவிடும்.

பிறகு அழிக்கலாம். எஸ்எஸ்டியில் ஃபைல்மேல் ஃபைல் எழுதி அழிக்கும் பழைய முறை நம்பகமானது இல்லை. டிஸ்க் ஏற்கெனவே விண்டோஸின் பிட்லாக்கர் அல்லது மேக்கின் ஃபைல்வால்ட்டால் பூட்டப்பட்டிருந்து, அதன்பின் ரீசெட் செய்தால் போதும். விண்டோஸ் ரீசெட்டில் 'எல்லாவற்றையும் நீக்கு' கொடுத்து, கூடவே டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் இயக்குங்கள். புதிய மேக்குகளில் 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இருக்கிறது. கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு, டீஆத்தரைஸ் கொடுத்தாயிற்றா என்று தாளில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்துங்கள்.